மேல்பலகை

"கேக்கலக்கா. இன்னும் கிட்ட கொண்டு வா."

அக்கா பலகையின் ஓரத்தை இரண்டு விரல்களால் பிடித்துத் தொங்கவிட்டு, தம்பியின் காதருகே மறுபடி தட்டினாள். அட்டை கனம்தான் இருந்தது பலகை. தம்பி கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"மெஷின்தான் கேக்குது."

கட்டிலோரம் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஐந்து வாரமாக இரவும் பகலும் அதே உறுமல். முந்தின நாள் வந்த டாக்டர் வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் அவளிடம் சொன்னார். "ரெண்டு மூணு நாள். அவர் பொண்ணை வரச் சொல்லிடுங்க."

முன்னறையில் அவள் துணி தைப்பாள். பின்னறையில் அவன் யுகுலேலே செய்வான். முப்பது வருடமாக வீடு அப்படித்தான் பிரிந்திருந்தது. கிடாருக்குப் பிறந்த குட்டி என்று அவள் கேலி செய்யும் அந்த நாலு தந்தி வாத்தியத்தில் கடைசி ஒன்று பாக்கி இருந்தது. ஒரு பாட்டு டீச்சர் கேட்டது. முதுகும் பக்கமும் ஒட்டியாகிவிட்டது. மேல்பலகைதான் பாக்கி. மஹோகனியா, தேவதாருவா?

அவனோடு வாத்தியம் செய்யும் கூட்டாளி இரண்டு பலகைகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நீங்க சொல்லுங்க, நான் முடிச்சுக் குடுத்துடறேன் என்றார்.

"அவரே எடுத்துக்கட்டுமேடா."

"அவனுக்குக் கை தங்கம். காது கம்மல் மாட்டக்கூட லாயக்கில்ல." சிரிக்கப்போய் இருமினான். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. "மெஷினை நிறுத்துக்கா. ரெண்டு நிமிஷம்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"கேக்காம எப்படிச் சொல்றது?"

"ரெண்டும் மரம்தானே. வாயில வந்ததைச் சொல்லு."

"ரெண்டும் துணிதானேன்னு நான் சொன்னா நீ சும்மா இருப்பியா?"

அவள் சுவரோரம் போய் சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நல்ல சட்டைக்கு அளவு கொடுப்பவன்போல நிமிர்ந்து உட்கார முயன்றுகொண்டிருந்தான்.

நிறுத்தினாள்.

வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. மஹோகனியைத் தட்டினாள். சுருக்கமாக, உலர்ந்த குரலில் ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றது. தேவதாருவைத் தட்டினாள். விரலை எடுத்த பிறகும் சத்தம் அறையில் இருந்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கும் வித்தியாசம் கேட்டது.

"இதுதானேடா?" என்றாள், தேவதாருவைத் தூக்கிக் காட்டி.

"இல்ல. அது தானே பாடும். டீச்சர் பசங்களைப் பாட வெக்கறவங்க. மஹோகனி அடங்கி இருந்து அவங்களைப் பாட விடும்." வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "அதையே போடச் சொல்லு."

அவள் சுவிட்சுக்கு ஓடினாள்.

"இரு. தேவதாருவை இன்னொரு தடவை."

"அதான் வேண்டாம்னுட்டியே?"

"சும்மா கேக்கத்தான்."

தட்டினாள். அவன் விரலை உயர்த்தினான். மறுபடி தட்டினாள். இன்னொன்று. அவன் உதடு கறுத்துக்கொண்டு வருவது தெரிந்தது. முகம் மட்டும், சாப்பாடு பிடித்துப்போன பிள்ளையின் முகம்போல இருந்தது.

மெஷின் மறுபடி உறுமத் தொடங்கிய பிறகும் அவன் மூச்சு பழைய நிலைக்கு வரவில்லை. தூங்கினான். பிற்பகல் மூன்று மணிக்கு அவள் டம்ளரில் தண்ணீரோடு வந்தபோது மெஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

தம்பியின் மகள் ஐந்து மணிக்கு வந்து இறங்கினாள்.

மறுநாள் காலையில் எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போனார்கள். கூட்டாளி மஹோகனிப் பலகையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். மாலையில் அக்கா மொட்டைமாடிக்கு ஏறினாள். மகளும் பின்னாலேயே வந்து தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நேத்து முதல் பஸ்ஸையே பிடிச்சிருக்கணும் அத்தை. டாக்டர்தான் ரெண்டு மூணு நாள்னாரேன்னு பத்து மணி பஸ்ல ஏறினேன். துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன், தெரியுமா? ஒழுங்கா, நிதானமா மடிச்சு வெச்சேன். என்னாலதான் அவரைப் பாக்க முடியாமப் போச்சு."

அக்கா துணி காயும் கொடியைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"உன்னால இல்லம்மா. நான் மெஷினை நிறுத்தினேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மரம் தட்டிக் கேக்கணும்னான். சத்தத்துல கேக்கலன்னான். ரெண்டு நிமிஷம் வேலைக்கு. அப்புறம் ஒரு நிமிஷம், வேலைக்கில்ல. அவன் ஆசைக்கு. அந்த ஒரு நிமிஷத்தையாவது நான் குடுத்திருக்கக் கூடாது."

கீழே ஒரு வண்டி போயிற்று. எதிர்வீட்டு மாடியில் யாரோ ரேடியோவை வைத்து, உடனே அணைத்தார்கள். மகள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அக்கா கொடியிலிருந்து போர்வையை உருவினாள். அது பெரியது, ஒருத்தியால் மடிக்க முடியாதது. தரையில் புரளாமல் அதைத் தூக்கிப் பிடிக்க அவள் தடுமாறியபோது, மகள் எழுந்து வந்து மறுமுனையின் இரண்டு மூலைகளையும் பிடித்தாள்.

இருவரும் எதிரெதிரே நின்று இழுத்து உதறினார்கள். பாதியாக மடித்தார்கள். மறுபடி பாதியாக. பிறகு, மூலைகளைச் சேர்க்க, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்தார்கள்.