நெய் விடாத மாவுருண்டை

கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார் ராக்கையா. வறுத்த பாசிப்பருப்பு வாசனைக்கு அடியில் வேறொன்று பதுங்கியிருந்தது.

"நெய் விட்டியா?"

தங்கை அக்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஒரே கரண்டிண்ணே. நெய்யில்லாம உருண்டை பிடிக்க வருமா? கெடக்குற கெடையில மதினிக்கு என்ன தெரியப்போகுது?"

"நீ சரிசரின்னு தலையாட்டும்போதே நெனச்சேன்."

கொல்லைக்குப் போய்க் கோழிகளுக்கு நடுவில் கொட்டினார்.

உள்ளே கட்டிலில் அவர் மனைவி கருத்தம்மாள் சாகக் கிடந்தாள். மகன் சுருளிராஜன் கைப்பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் அவனுக்குக் கண் செருகிவிட்டது. அன்றைக்கு வீரபாண்டி மாரியம்மன் வாசலில் விழுந்து, பிள்ளை பிழைத்தால் சாகிறவரைக்கும் பால், தயிர், நெய் எதையும் வாயில் வைப்பதில்லை என்று நேர்ந்துகொண்டாள். பிழைத்தான். அதன்பிறகு அவள் கல்யாண வீட்டுப் பாயசத்தைக்கூடத் தொட்டதில்லை. இன்று காலையில் கண்விழித்து, "எங்காத்தா பிடிக்கிற மாவுருண்டை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவன் வந்துட்டானா?"

வரவில்லை. குமுளிக்கு மேலே லாரி கொண்டுபோனவன், தகவல் தெரிந்து கிளம்பிவிட்டான். மலைப்பாதையில் மழை. செல்லில் போட்டால், தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பொம்பளை சொன்னதையே சொன்னாள். ராக்கையா அந்தப் பொம்பளையை நம்பவில்லை. சாமியையும் பெரிதாக நம்பியவரில்லை. ஆனாலும் அவன் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அந்த நேர்ச்சை முறியக் கூடாது.

நெய் படாத மிச்ச மாவை எடுத்துவைத்து, தானே தேங்காய் துருவினார். தண்ணீர் விடாமல் துணியில் இறுக்கிப் பிழிந்தார். கெட்டியாக இறங்கியது. வெல்லத்தைத் தட்டிப்போட்டுச் சூடு பண்ணி, மாவில் விட்டுப் பிசைந்தார். முதல் உருண்டை கைக்குள்ளேயே உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் விட்டார். பிடித்துக்கொண்டது.

கருத்தம்மாளின் உதட்டருகே கொண்டுபோனதும் அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"தேங்காப்பாலு. நாந்தான் புழிஞ்சேன். உன் நாத்தனா கை படல."

அவரையே பார்த்தாள். பிறகு வாய் திறந்தது. நகக்கண் அளவு நாக்கில் வைத்தார். நெடுநேரம் அசைபோட்டாள்.

"ஆத்தா... இம்புட்டுக் கெட்டியா... பிடிக்காது."

"தின்னாப் போதும். நொட்டை சொல்லாத."

மத்தியானத்தில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. அக்கம்மாள் டம்ளரில் பசும்பாலோடு ஓடிவந்தாள். "பாலை ஊத்துண்ணே! தவிச்ச வாயோட அனுப்பிறாத!"

"தள்ளிப்போ."

"பால் ஊத்தாம எந்த உசுரு போயிருக்கு? நாலு பேரு காறித் துப்ப மாட்டாகளா?"

"துப்பட்டும். அவன் மலையவிட்டு எறங்கட்டும் மொதல்ல."

பிழிந்த பாலில் மிச்சம் இருந்தது. கரண்டியில் எடுத்து ஊற்றினார். ஒரு வாய் இறங்கியது. அடுத்தது கடைவாயில் வழிந்தது. துண்டால் துடைத்தபோது மூச்சு நின்றிருந்தது.

அக்கம்மாள் குரலெடுத்து அழுதாள். ராக்கையா அழவில்லை. செல்லை எடுத்தார். அதே பொம்பளை. திரும்பப் போட்டார். அதேதான். வாசலில் போய் நின்றார். ரோட்டில் எந்த வண்டி உறுமினாலும் கழுத்து திரும்பியது. துக்கத்துக்கு வந்தவர்கள் கையைப் பிடித்தார்கள். யார் என்று அவர் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் லாரி வந்து நின்றது. சுருளிராஜன் தொப்பலாக நனைந்து இறங்கினான். ராக்கையா அவனைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை இரண்டு கைகளிலும் தடவிப் பார்த்தார்.

"எங்கயும் இடிச்சியா?"

"இல்லய்யா. மரம் விழுந்து கெடந்துச்சு. அதான்... ஆத்தா எங்கய்யா?"

உள்ளே கூட்டிப்போய்க் கரண்டியை அவன் கையில் கொடுத்தார்.

"ஊத்து."

அவன் குனிந்தான். "தேங்கா வாசம் அடிக்குதேய்யா?"

"ஆமா. ஊத்து."

எல்லாம் ஆனபிறகு, மாடத்தில் இருந்த பசும்பால் டம்ளரை எடுத்தார். மேலே ஆடை படிந்து, ஓர் எறும்பு மிதந்தது. தெருமுனை வரைக்கும் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். டம்ளரை அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.