பேட்டரிக்கு ஊற்றிய தண்ணீர்

மூன்று மணிக்குக் கடல் வடிந்தபோதுதான் அந்த மரம் வெளியே தெரிந்தது.

உப்பங்கழியின் வாயில், படகு நுழைகிற வழிக்கு நேர் நடுவே, கறுத்த முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். எங்கோ இழுத்துப்போன மரத்தெப்பத்திலிருந்து அறுந்து, முந்தாநாள் அடித்த காற்றில் இங்கே ஒதுங்கி, அடிமுனையைச் சேற்றில் ஊன்றி, தலையைக் கடலை நோக்கிச் சாய்த்து நின்றுவிட்டது.

"கடல் ஏத்தத்துல இது முங்கிரும்ப்பா," என்றார் உதயசூரியன். "மேல ஒரு முழத் தண்ணிதான் நிக்கும். பாக்குறவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

ஜெயமணிக்கு லாஞ்சு நினைவுக்கு வந்தது. நாளைக் காலை ஒன்பது மணி ஏற்றத்தில், ரங்கத் என்ற ஊரிலிருந்து ஒரு மோட்டார் லாஞ்சு இந்த வாய் வழியாகத்தான் உள்ளே வரும். அதில் வருகிற பதினான்கு பேரையும் இன்று காலை ஒயர்லெஸ்ஸில் கேட்டு எழுதிக்கொண்டவன் அவன்தான். ஓவர்சியர் பன்னீர்செல்வம், ராஞ்சியிலிருந்து வந்த தொழிலாளர்கள் பதினொரு பேர், சமையலுக்கு மரகதம். அவளுடைய கைக்குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணலாமா என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். எண்ணுங்கள் என்று சொல்லியிருந்தான்.

லாஞ்சில் ஒயர்லெஸ் கிடையாது. விடிந்து ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். ரங்கத்தில் காலை அழைப்புக்கு ஆள் உட்காருவது ஏழு மணிக்கு. இன்று மாலை ஐந்து மணி அழைப்பை விட்டால், சொல்வதற்கு வேறு நேரமே இல்லை.

"அஞ்சு மணிக்கு ரெண்டு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுது," என்றார் உதயசூரியன். "வா, வண்டிய ஓட்டி பேட்டரிக்குச் சோறு போடுவோம்."

புதிதாகக் கட்டப்போகும் படகு ஜெட்டிக்காகக் கடல் ஏறி இறங்கும் அளவைக் குறித்துக்கொண்டு வர அவர்களை அனுப்பியிருந்தார்கள். உதயசூரியன் மெக்கானிக், ராமநாதபுரத்துக்காரர், தீவுக்கு வந்து பதினாறு வருஷம். ஜெயமணி ஒயர்லெஸ் ஆபரேட்டர், நாசரேத்துப் பையன், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கூடாரத்தையும் அரிசியையும் கட்டி, ஒயர்லெஸ் பெட்டியை ஜெயமணி மடியில் வைத்துக்கொண்டு, வெட்டியும் வெட்டாமலும் கிடந்த காட்டுப்பாதையில் நாற்பது மைல் வந்து ஒன்பது நாள் ஆகிறது.

வண்டியிலிருந்த ஒரே பேட்டரிதான் பெட்டிக்கும். அழைப்பு நேரத்தில் அதிலிருந்து இரண்டு ஒயரைப் பெட்டிக்கு இழுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அரைமணி நேரம் ஓடவிட்டால் டைனமோ பேட்டரியை நிரப்பிவிடும். பேட்டரி இல்லாவிட்டாலும் இன்ஜின் ஓடும். பெட்டிதான் பேசாது. பேட்டரியை நிரப்புவதற்கென்று தனியாகப் பெட்ரோல் கணக்குப்போட்டுக் கொண்டுவந்திருந்தார் உதயசூரியன்.

இன்ஜின் உறுமியது. ஜெயமணி கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றரை.

கால்மணி நேரம் கழித்து இன்ஜினை நிறுத்திவிட்டு உதயசூரியன் ஹெட்லைட்டைப் போட்டார். விளக்கு பீடி நெருப்பு மாதிரி சிவந்து, அப்படியே அணைந்தது.

"என்னப்பா இது, காலைலயே சோர்ந்துதான் இருந்துச்சு. டைனமோ கார்பன் அழுக்காயிருச்சோ?"

கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி உதைத்தார். இன்ஜின் சத்தத்தில் காடு முழுக்க வாய் மூடிக்கொண்டது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. பேட்டரியிலிருந்து குபுகுபுவென்று நுரை எழும்பும் ஓசை கேட்டது. கூடவே ஒரு வாடை வந்தது. ஆஸ்பத்திரியில் பிளீச்சிங் பவுடர் தெளித்த வாடை.

அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஜெயமணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீர் கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அதனால் தீவில் எல்லா மெக்கானிக்கும் செய்வதையே உதயசூரியனும் செய்வார். மழை பிடித்துப் பத்து நிமிஷம் மரமும் காற்றும் கழுவப்பட்ட பிறகு, வெளுத்த வேட்டியை நான்கு கொம்பில் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, சொட்டுகிற தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பார். அந்தப் பாட்டிலை வேறு யாரும் தொடக்கூடாது. திங்கட்கிழமை ஊற்றுக்குழி வரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு, ஜெயமணி அதில் டீ போட்டான். பிறகு பயந்துபோய், கடற்கரைக்குப் பின்னால் தோண்டிய ஊற்றுத் தண்ணீரைப் பாட்டில் நிறைய அடைத்துவைத்தான். மறுநாள் "பேட்டரிக்கு ஊத்துப்பா" என்று உதயசூரியன் சொன்னபோது அதையேதான் ஊற்றினான். குடிக்க நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தான். நாக்குக்குத் தெரியாத உப்பு பேட்டரிக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது சொல்லிவிடலாம். டாங்கில் இன்னும் பெட்ரோல் இருக்கிறது. இந்த நிமிஷம் கிளம்பினால் ரங்கத் போய்ச் சேரலாம்.

போன வருஷம் ஒயர்லெஸ் செட்டைக் கீழே போட்ட ஆபரேட்டரை உதயசூரியன் ஒரே புகார்க் கடிதத்தில் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற்றியது ஜெயமணிக்குத் தெரியும். ஒருவேளை ஏறிவிடும், இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பத்து நிமிஷம் போயிற்று. இன்னொரு பத்தும் போயிற்று. உதயசூரியன் டாங்கைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்து, உதட்டைக் கடித்தார். மேற்கே வானம் இரும்புக் கறையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் அரைமணி ஓட்டுறேன். திரும்பிப்போக எண்ணெ பத்தாது, ஆனா சேதி போயிட்டா போதும்."

அந்த அரைமணியும் ஓடியது.

நாலே முக்காலுக்குத்தான் ஜெயமணிக்கு வாய் திறந்தது. "அண்ணாச்சி, நிறுத்துங்க. அது ஏறாது."

"ஏன் ஏறாது?"

"நான் ஊத்துக்குழித் தண்ணிய ஊத்திட்டேன்."

உதயசூரியன் இன்ஜினை நிறுத்தினார். கடலின் இரைச்சல் திரும்பி வந்தது.

"பாட்டில்ல இருந்த மழத்தண்ணி?"

"டீ போட்டுட்டேன்."

"திங்கக்கெழம போட்டியே, அந்த டீயா?"

"ஆமா. நீங்ககூட நல்லாருக்குன்னு சொன்னீக."

அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை. அவர் குச்சியை மறுபடி டாங்கில் விட்டு எடுத்தார். நுனி மட்டும் நனைந்திருந்தது.

"பத்து மைல் போகும். மிச்சம் முப்பது மைல் அட்டச் சேத்துல நடக்கணும், நடுவுல ரெண்டு ஆறு வேற. விடியறதுக்குள்ள ஆகாது." அவர் ஒயர்களைக் கையில் எடுத்தார். "மூணரைக்குச் சொல்லிருந்தா இந்நேரம் பாதி வழி போயிருப்பேனேப்பா. சரி, சலோ. செத்த பேட்டரியத் தூக்கிப் போடு. டைனமோவுலருந்து நேரா பெட்டிக்குக் குடுக்குறேன். வெந்தா வேகட்டும்."

ஐந்து மணிக்கு இன்ஜின் ஓட ஓட ஜெயமணி காதில் ஹெட்போனை மாட்டினான். பிளக் தெறிக்கிற சத்தம் ஆணி அறைவதுபோல் காதுக்குள் விழுந்தது. அதற்குப் பின்னால் யாராவது பேசுகிறார்களா என்று கண்ணை மூடிக்கொண்டு தேடினான். ஒன்றும் இல்லை. ஆனாலும் சொன்னான். "லாஞ்சை அனுப்பாதீர்கள். வாயில் மரம் கிடக்கிறது. லாஞ்சை அனுப்பாதீர்கள்." தமிழில் சொன்னான், இந்தியில் சொன்னான், இங்கிலீஷில் சொன்னான். உதயசூரியன் கையால் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்தபடி நின்றார். பெட்டிக்குள்ளிருந்து அரக்கு உருகும் மணம் வந்தது. கடைசியில் இன்ஜின் இருமி, இருமி, நின்றது.

"கேட்டிருக்குமா அண்ணாச்சி?"

"என்னைக் கேட்டா?"



மறுநாள் விடிகாலையில், வடிந்திருந்த தண்ணீரில் இறங்கி, மரத்தின் தலையில் நீள மூங்கில் ஒன்றைக் கட்டி, உச்சியில் சிவப்புத் துண்டைப் பறக்கவிட்டார்கள். எதிர்க்கரைச் சேற்றில், முதலை வயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கிய தடம் பளபளவென்று புதிதாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் முடிச்சை இறுக்கினார்கள். ஏழரைக்கு ஏற்றம் வேகம் பிடித்தது. எட்டரைக்கு மூங்கில் சாய்ந்து, துண்டோடு தண்ணீருக்குள் போய்விட்டது. கழியின் வாய் வழவழவென்று, ஒரு பாவமும் அறியாததுபோல் விரிந்து கிடந்தது.

ஈர விறகைப் போட்டுப் புகை எழுப்பினார் உதயசூரியன். "சோறு பொங்குறாங்கன்னு நெனைப்பானுக," என்று தானே சொல்லிக்கொண்டார்.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும். முனையைச் சுற்றிக்கொண்டு லாஞ்சு வந்தது.

கேட்கவில்லை. ஜெயமணி நேற்றுச் சொன்ன ஒரு வார்த்தைகூட அங்கே கேட்கவில்லை.

உதயசூரியன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். தொண்டை கிழியக் கத்தினார். காற்று அவர் குரலைக் காட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனது. லாஞ்சின் மேல்தளத்தில் நின்றவர்கள் கையை ஆட்டினார்கள். ஒருத்தி தன் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

ஜெயமணி செருப்பை உதறிவிட்டுத் தண்ணீரில் விழுந்தான்.

"டேய்! அங்க எங்கடா போற? மொதல இருக்குடா!"

நீந்தினான். அடியில் எது வந்தாலும் வரட்டும் என்று நினைக்கக்கூட அவனுக்கு நேரமில்லை. முழங்காலில் வழுக்கும் மரப்பட்டை இடித்தது. மூங்கில் கட்டிய கயிறு கைக்குச் சிக்கியது. அதைப் பிடித்து ஏறி, இரண்டு தரம் சறுக்கி விழுந்து, மூன்றாம் தரம் எழுந்து நின்றான். கழியின் நட்டநடுவில், ஆழமென்று எல்லாரும் நம்புகிற இடத்தில், தொடையளவுத் தண்ணீரில் நின்றான்.

கையை ஆட்டவில்லை. ஆட்டினால் அவர்களும் ஆட்டுவார்கள். இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நீட்டி, கதவை அடைத்தாற்போல் அசையாமல் நின்றான். நீரோட்டம் காலை வாரப் பார்த்தது. லாஞ்சின் மூக்கு அவனை நோக்கி வளர்ந்துகொண்டே வந்தது. மேல்தளத்தில் ஆட்டிய கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கண்ணாடிக்குப் பின்னால் லாஞ்சை ஓட்டும் சுக்கானியின் முகம் தெரிந்தது. முதலில் சிரிப்பு, பிறகு குழப்பம். அவன் பார்வை ஜெயமணியின் தொடைக்கு இறங்கியது, தண்ணீருக்கு இறங்கியது.

இன்ஜினை நிறுத்தச் சொல்லி லாஞ்சுக்குள் மணி அடித்தது. இன்ஜின் சத்தம் அறுந்தது.

லாஞ்சு நிற்கவில்லை. ஏற்றம் அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. ஜெயமணி கைகளை இறக்காமல் நின்றான்.