நுரையில் போனவள்

சலவை ஆலையின் நுரை தெருவுக்குள் புகுந்த வருஷம், அது தொட்டிக்காரரின் மனைவியைக் கொண்டுபோய்விட்டது. தொட்டிக்காரர் என்றால் அதே ஆலையின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர். மழைக்கு முன்னால் கொடியிலிருந்த துணியை எடுக்கப் போனவள் அவள். கால்வாயிலிருந்து பொங்கிய நுரை இடுப்புவரை வந்தது, தலைக்கு மேல் போனது, சாயங்காலம் அடங்கியபோது துணிக்கூடை இருந்தது, அவள் இல்லை. துணி மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது. தெருக்காரர்கள் தேடினார்கள், அழுதார்கள், பிறகு வாசலில் ஒட்டியிருந்த நுரையைக் கழுவ வாளி வாளியாகச் சோப்புத்தூள் கரைத்து ஊற்றினார்கள். அந்தப் புத்தியை என்ன சொல்ல! நுரை ஜன்னல்வரை ஏறியது.

மறுவாரம் அவள் குரல் நுரையிலிருந்து கேட்டது. யாரும் மிரளவில்லை, உயிரோடிருந்த காலத்திலேயே அது தெருக்கோடிவரை கேட்கிற குரல்தான். "ஏங்க, சேத்துக் காலோட உள்ள வராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" வேலை முடிந்ததும் தொட்டிக்காரர் கால்வாய்க் கரைக்குப் போய், வேண்டுமென்றே சேற்றை மிதித்து, வாங்கிக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக வீடு திரும்புவார். இருக்கும்போது அவ்வளவு ஆசையாக அவர் திட்டு வாங்கியதில்லை.

கால்வாயில் முதலில் மீன் செத்தது, பிறகு தவளை. சோப்புத் தண்ணீர் கிணறுகளிலும் ஊறி, குழந்தைகளுக்குத் தோல் உரிந்தது. தொட்டிக்காரரின் பேத்திக்குக் கழுத்தும் முழங்கையும் வெந்ததுபோல் ஆகி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். அப்போதுதான் நுரையை அடக்க ஆலைக்கு ஒரு மண் வந்தது. சும்மா களிமண் சோப்பைச் சரியாகப் பிடிக்காது. அதை ஒரு மருந்துக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, மாவாக அரைத்துத் தூவினால், தண்ணீரில் இருக்கும் சோப்பையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதைத் தொட்டியில் தூவுகிற வேலை தொட்டிக்காரருக்கே வந்தது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். சட்டி நிறைய அள்ளுவார், யாரும் பார்க்காதபோது பாதியை மூட்டையிலேயே திரும்பக் கொட்டிவிடுவார். நுரை முழங்காலளவுக்கு இறங்கி அங்கேயே நின்றது. மண் சரியில்லை என்று ஆலைக்காரர்கள் மண்ணைத் திட்டினார்கள்.

ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த மகள், அவர் கொட்டுவதைப் பார்த்துவிட்டாள். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. அவள் சத்தம் போடவில்லை.

"எனக்கு மட்டும் அம்மா வேணாமாப்பா? நானும்தான் பொழுது சாஞ்சா கரையில போய் நின்னு கேக்கறேன். ஆனா அம்மா போயிட்டாங்க. இவ இருக்கா."

அவர் பேத்தியின் கழுத்தைப் பார்த்தார். பிறகு சட்டியை வைத்துவிட்டு மூட்டையையே தூக்கிக் கவிழ்த்தார். நுரை கரை இறங்கிப்போனது. நுரைக்குள்ளிருந்து மனைவி திட்டிக்கொண்டேதான் இருந்தாள். "சேத்துக் காலோட உள்ள வராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? காதுல என்ன..." அவ்வளவுதான். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. தொட்டிக்காரர் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார், மகளும் அழுதாள்.

பேத்திக்குத் தோல் ஆறியது, பள்ளிக்கூடம் போனாள், வளர்ந்தாள். தொட்டியின் அடியில் தங்கிய களிமண்ணை வேறெங்கே கொட்டுவது என்று தெரியாமல், ஆலைக்காரர்கள் அதைச் சுட்டுக் கல்லாக்கித் தெருவோரம் ஒரு சுவர் எழுப்பினார்கள். வானம் வெளிறிக் கிடக்கும்போதே அந்தச் சுவர், "மழ வருது, துணிய எடுங்க" என்று சொல்லும். ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. தெருவே கொடிக்கு ஓடும், புதிதாகக் குடிவந்தவர்கள் உட்பட. அதைத் தவிர வேறு ஒரு வார்த்தை அது பேசியதில்லை. தொட்டிக்காரர் சேற்றுக் காலோடு அதன்முன் எத்தனையோ நாள் நின்று பார்த்தார். பிறகு அவரும் எல்லாரையும்போலத் துணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். வாசலில் நின்று, யாரும் சொல்லாமலே, காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே நுழைவார்.