இருபத்தொரு ஆமென்

"இது உங்க கையைத் தாண்டித்தான் வந்திருக்கு அண்ணா" என்று மேற்பார்வையாளர் பெண் அந்த இருமல் மருந்து பாட்டிலை என் முன்னால் வைத்தாள். உள்ளே கடுகளவு கறுப்புத் துகள் ஒன்று சாவகாசமாக மிதந்துகொண்டிருந்தது.

வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடிவரும் பாட்டில்களில் தூசியோ கீறலோ தெரிந்தால் எடுத்துப் போடுவதுதான் என் வேலை. நாங்கள் அசந்துவிடாமல் இருக்கிறோமா என்று பார்க்க, அவர்களே நடுவில் ஒரு கெட்ட பாட்டிலை நல்லதுகளோடு கலந்து அனுப்புவார்கள். பதினோரு வருடத்தில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. தொழிற்சாலையில் எனக்குக் 'கழுகு' என்று பெயர். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெயரால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"கண்ணு தொறந்துதாம்மா இருந்துச்சு."

"தொறந்துதான் இருக்கும் அண்ணா. பழகிப் போச்சுன்னா கண்ணு பாக்கும், மனசு பாக்காது. கொஞ்ச நேரம் வெளிய நின்னுட்டு வாங்க."

என் மகள் வயதுதான் இருக்கும். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேருந்தில் வீடு வந்து சேரும்வரை அந்தத் துகள் என் கண்ணுக்குள்ளேயே மிதந்தது. சபையில் யார் யார் தூங்குகிறார்கள் என்று பார்த்துவைக்கிற ஆள் நான். போன ஞாயிறு, விழித்திருங்கள் என்று போதகர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போதே முன்வரிசைத் தலைமையாசிரியர் குறட்டை விட்டதை, வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். குடும்பம் என்றால் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். மனைவி ஜெபிப்பாள், நான் ஆமென் சொல்வேன். இருபத்தெட்டு வருடமாக இதுதான் எங்கள் வேலைப் பங்கீடு. சாப்பாட்டுக்கு நன்றி, பிறகு மகள், மாப்பிள்ளையின் வேலை, போதகரின் முழங்கால் வலி. எதற்குப் பின்னால் எது வரும் என்பது எனக்கு மனப்பாடம். கண்ணை மூடினால் போதும், காலில் இருக்கிற களைப்பெல்லாம் மேலே ஏறும். அவள் குரல் நிற்கிற இடத்தில் வாய் தானாக ஆமென் சொல்லிவிடும்.

அன்று, பட்ட வெட்கத்தினால், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். முழங்கால் வலி முடிந்தது. அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், "நாளைக்கு அந்த ஊசி டெஸ்ட்டுக்குப் போறேன் ஆண்டவரே. கட்டி கெட்டதா இருந்துடக் கூடாது. பயப்படாம இருக்க உதவி பண்ணும்" என்றாள்.

வாய் ஆமென் சொல்லிவிட்டது. பிறகுதான் கண் திறந்தது.

"என்ன கட்டி?"

"மார்புல. மூணு வாரமாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"தினமும் சொன்னேனே, இங்க உக்காந்துதான். நேரா சொல்ல வாய் வரல. ஜெபத்துல சொன்னா காதுல விழும்னு நெனச்சேன். மொத நாள் நீங்க ஆமென் சொன்னதும், கேட்டுட்டு, தாங்க முடியாமதான் பேசாம இருக்கீங்கன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு." வேதாகமத்தை மூடி ஓரமாக வைத்தாள். "நாலாம் நாள் தலைவலித் தைலம் எங்கன்னு கேட்டீங்க பாருங்க, அப்பதான் புரிஞ்சுது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னை அறுத்தது. இருபத்தொரு மாலை, இருபத்தொரு ஆமென்.

"நாளைக்கு நானும் வரேன்."

"ஷிப்ட் இருக்குமே?"

"இருந்துட்டுப் போகட்டும்."

இன்றைக்கு நானே ஜெபிக்கிறேன் என்று ஆரம்பித்தேன். ஆண்டவரே என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. காலமெல்லாம் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டவன் அடுப்படியில் நிற்பதுபோல விழித்தேன். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே எடுத்துக்கொண்டாள். மறுபடியும் மகள், மாப்பிள்ளை, முழங்கால் வலி.

நான் கண்ணை மூடவில்லை. முக்காடிட்ட தலை குனிந்திருந்தது. ஒரு கை மட்டும் மடியில் கிடந்தது. மற்றொன்று முக்காட்டின் மறைவில் இடப்பக்க மார்பைத் தாங்கிப் பிடித்திருந்தது. அது இன்றைக்குத்தான் அங்கே போன கையாகத் தெரியவில்லை.