'பூட்டாத' என்றொரு சொல்

எங்கள் ஊரில் ஒரு குழந்தை இன்னொரு குழந்தையின் வீட்டுக்கு விளையாடப் போகும் முன் தாய்மார்கள் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்பது ஒன்று. வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்வியை எல்லோரும் சத்தமாகக் கேட்பார்கள். இரண்டாவதைக் கேட்க வெட்கப்படுவார்கள். அந்த வெட்கத்தைப் போக்கத்தான் எங்கள் 'பத்திரமான வாசல்' தாய்மார் சங்கம் துண்டறிக்கை அடித்துப் பள்ளிப் பைகளில் போட்டு அனுப்பியது.

அறிக்கையில் முதலில் இருந்த கேள்வி, "உங்கள் வீட்டில் பூட்டாத துப்பாக்கி இருக்கிறதா?" என்பது. அதிலிருந்து 'பூட்டாத' என்ற சொல்லை எடுக்க வைத்தவள் நான். தலைவி மெரிடித் ஹாலோவேயின் வரவேற்பறையில், பாதாம்பால் காப்பியைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று பேசினேன்.

"பூட்டின பாம்பு, பூட்டாத பாம்புன்னு பிரிச்சா கேப்போம்? வீட்ல பாம்பு இருக்கா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி."

கை தட்டினார்கள். ஜூடித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு சொல்லை நீக்கி ஒஹையோ மாநிலத்துக் குழந்தைகளையெல்லாம் காப்பாற்றிவிட்ட நினைப்போடு வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அப்போது கணவர் இருந்தார்.

சென்ற வசந்தத்தில் நான் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன்.

ஏன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு கார் கொட்டகையை உடைத்தார்கள் என்பது வெளியில் சொல்லத் தகுந்த காரணம். யாரிடமும் சொல்லப்போவதில்லை என்பதால் அதற்கும் அவசியமில்லாமல் போயிற்று. உண்மையில், இருட்டத் தொடங்கியதும் என் வீடு பெரிதாகிவிடும். மகளும் நானும் அதன் ஒரு மூலையில் இருப்போம். தொலைக்காட்சியில் இரண்டு கட்சிக்காரர்களும், அடுத்த கட்சிக்காரன் உன் கதவை உடைக்க வருகிறான் என்றார்கள். எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் கதவருகே நிற்கப்போவது நான்தானே என்று தோன்றியது.

கடைக்காரர் டேலுக்கு நான் எதிர்பார்த்த தாடி இருந்தது. சுவரில் மட்டும் நான் எதிர்பார்த்த மான் தலை இல்லை. லாவெண்டர், புதினாப் பச்சை, ரோஜாப் பொன் என்று கைத்துப்பாக்கிகள் உதட்டுச் சாயம் போல வரிசையாக இருந்தன.

"மான் தலையக் கழட்டிட்டோம் மேடம். லேடீஸுக்குப் பிடிக்கல," என்றார். "என்ன மாதிரி தாடிக்காரனுங்க இப்ப தோட்டா வாங்க மட்டுந்தான் வர்றானுங்க. துப்பாக்கி வாங்கறது நீங்கதான். டீச்சர், நர்ஸு, யோகா சொல்லிக் குடுக்கறவங்க. போன வாரம் ரெண்டு பொண்ணுங்க கை கோத்துக்கிட்டு வந்தாங்க. கல்யாண நாளாம்."

பிறகு என் தோளில் தொங்கிய துணிப்பையைப் பார்த்தார். அதில் சங்கத்தின் வெள்ளைப் புறா சிறகை விரித்திருந்தது.

"அந்தப் பையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிக்கங்க. மத்தவங்க அப்படித்தான் செய்வாங்க."

"மத்தவங்கன்னா?"

அவர் பில் போடக் குனிந்துகொண்டார்.

துப்பாக்கியை ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து, காலணி அலமாரியின் மேல்தட்டில் பூட்டினேன். அது என்னைக் காக்கும் என்றுதான் வாங்கினேன். ஆனால் அதற்குக் காவல் இருந்தது நான்தான். பூட்டியிருக்கிறதா என்று படுக்கும் முன் ஒருமுறை, பல் துலக்கும்போது ஒருமுறை பார்ப்பேன். பயத்துக்கு இப்போது ஒரு முகவரி கிடைத்திருந்தது. அதுவே ஒரு நிம்மதி போலவும் இருந்தது.

என் மகள் ஐரிஸுக்கு எட்டு வயது. பள்ளி மாறியதிலிருந்து மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டாள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, ஆசிரியை சொன்னாள். பிறகு நயோமி என்றொரு பெண் வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் தங்க நயோமி வருவதாக முடிவானதும் ஐரிஸ் தன் தலையணை உறைக்கு இஸ்திரி போட்டாள்.

"அம்மா, அவ அம்மா டாக்டர் மேப்ரி ரொம்ப ஸ்ட்ரிக்டாம். ஸ்கூல்ல குடுத்த பேப்பரப் பாத்துதான் கேள்வி கேப்பாங்களாம். நீ கரெக்டா பதில் சொல்லிடுவியா?"

"சொல்லிடுவேன் கண்ணு."

"தப்பா சொன்னா அவ வரமாட்டா."

இருக்கிறது என்றால் நயோமி வரமாட்டாள். ஊரும் சிரிக்கும். இல்லை என்றால், நானே செதுக்கிய கேள்விக்கு நானே பொய் சொன்னவள் ஆவேன். ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் திரும்பி வந்துவிட்டால், இல்லை என்பது உண்மையாகிவிடும். பொய் சொல்ல மனம் வராதவர்கள் இலக்கணத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். "அறிக்கையில ஒரு சின்னத் திருத்தம். 'பூட்டாத'ங்கற சொல்லை மறுபடியும் சேர்த்தா என்னன்னு..."

"அருமை!" என்றாள் மெரிடித், நான் முடிக்கும் முன்பே. "நானும் அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன்."

"அந்தச் சொல் இல்லாம கேள்வி கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கு," என்றாள் ஜூடித்.

"வேட்டைக்காரங்க மனசும் புண்படும்ல," என்றாள் முட்டைகூடத் தொடாத பிரியானா. வேட்டைக்காரர்களின் மனதைப் பற்றி எங்கள் சங்கம் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப அந்தப் பாம்பு?" என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். எல்லோரும் பாலாடைக்கட்டித் தட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கிளம்பும்போது கோட் மாட்டும் கொக்கியைப் பார்த்தேன். அங்கே தொங்கிய துணிப்பைகளில் மூன்று, தையல் தெரிய, உள்பக்கம் வெளியே திருப்பப்பட்டிருந்தன. ஒன்று என்னுடையது.

சனிக்கிழமை டாக்டர் யோலண்டா மேப்ரி மகளோடு வந்தாள். பல் மருத்துவர். கறுப்பினப் பெண்களில் எங்கள் தெருவில் வீடு வாங்கிய முதல் ஆள். என் காரைவிட விலை கூடிய தோல்பை தோளில் இருந்தது. கையில் எங்கள் துண்டறிக்கை, பழைய அச்சு.

"வேர்க்கடலை இவளுக்கு ஒண்ணும் செய்யாது. அடுத்தது... வீட்ல துப்பாக்கி இருக்கா?"

"பூட்டாத துப்பாக்கி எங்க வீட்ல இல்ல," என்றேன் தெளிவான குரலில்.

அவள் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு, சொத்தைப் பல்லைக் கண்டவள் போல என்னைப் பார்த்தாள். "நான் கேட்டது அது இல்லியே."

"கேள்வி மாறிடுச்சு. வியாழக்கிழமையிலேருந்து."

"யாரு மாத்துனது?"

"நான்தான்."

அவள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி கள்ளி! எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ராத்திரி கிளினிக்க சாத்திட்டு தனியா வரணுமே. எங்கப்பா காலத்துல எங்காளுங்க கையில துப்பாக்கியப் பாத்தா உடனே புதுசா ஒரு சட்டம் போட்டுடுவானுங்க. இப்ப கடைக்காரன் எனக்குக் கதவத் தொறந்து விடறான். சாமான் வாங்குனா தள்ளுபடி வேற."

என் மனம் லேசாகிவிட்டது. இத்தனை மாதங்களில் இதைப் பற்றி இன்னொருத்தியோடு சிரித்தது இதுதான் முதல் தடவை. நயோமி தங்குவாள் என்று நிச்சயமாயிற்று.

"சாவி மட்டும் பிள்ளைங்களுக்குத் தெரியாத எடத்துல இருக்குல்ல?"

"ஐரிஸுக்குப் பெட்டி இருக்கறதே தெரியாது."

"ஷூ அலமாரில இருக்கே, அந்தப் பெட்டியா?" என்றாள் ஐரிஸ், உதவி செய்யும் குரலில். கேள்விக்கு அம்மா சரியாகப் பதில் சொல்லவேண்டுமே என்ற கவலை அவளுக்கு. "சாவி ஓட்ஸ் டப்பாக்குள்ள. நான் தொறந்ததே இல்ல ஆன்ட்டி. ஒரே ஒரு தடவதான்."

யோலண்டாவின் கை மகளின் தோளுக்குப் போனது. "நயோமி, கிளம்பு."

ஐரிஸ் என்னைப் பார்த்தாள். சரியாகச் சொன்ன பதில் ஏன் தப்பானது என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரே ஒரு தடவை. நான் பல் துலக்கிக்கொண்டே பூட்டைப் பார்த்த எந்த நாளின் பகலில் அது?

நயோமி நகரவில்லை. "நம்ம வீட்டுக்கா? அங்க மட்டும் என்னவாம்? உன் பையில ரெண்டாவது ஜிப்புல இருக்கு. அதுக்குப் பூட்டே கெடையாது."

பல் மருத்துவர் ஒருவர் வாய் திறந்தபடி நிற்பதை அன்றுதான் பார்த்தேன். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பிறகு இன்னொரு கையை என் முன் நீட்டினாள்.

"சாவி."

கொண்டுவந்து கொடுத்தேன். ஒட்டியிருந்த ஓட்ஸை ஊதிவிட்டு, தன் கார்ச்சாவி வளையத்தில் கோத்துக்கொண்டாள். "காலைல வர்றேன். பொண்ணக் குடு, சாவியத் தர்றேன்."

"அந்தப் பை?"

"அது எங்கூட வருது," என்றவளின் குரல் இறங்கியிருந்தது. "இன்னிக்கே ஒரு பெட்டி வாங்கிடறேன் வின்னி. நீ ஒண்ணும் சொல்லாத."

சொல்லும் நிலையிலா இருந்தேன்?

இருட்டத் தொடங்கியது. மாடியில் இரண்டு பேர் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுக்களையில் ஓட்ஸ் டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வரப்போகிறவனைப் பற்றி அன்று ஒருமுறைகூட நினைக்கவில்லை.

மெரிடித் போனில் அழைத்தாள். "அச்சகத்துக்கு அனுப்பறேன். 'பூட்டாத'ங்கறதைத் தடிச்ச எழுத்துல போட்ரலாமா?"

"போடு. இன்னொரு வரியும் சேர்த்துக்கோ. சாவி எங்க இருக்குன்னு அம்மாகிட்ட கேக்காதீங்க, பிள்ளைகிட்ட கேளுங்க."

"அது ரொம்ப அந்தரங்கம் வின்னி. பிள்ளைங்கள இதுல இழுக்கறது நம்ம கொள்கைக்கே..."

"உன் பையன்கிட்ட கேட்டியா?"

அவள் போனை வைக்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு படிக்கட்டருகிலிருந்து, கூட்டங்களில் நான் கேட்டிராத ஒரு குரல்.

"ஓவன்! ஓவன், கொஞ்சம் கீழ வாடா."