இரண்டாவது வரி

லூரீன் ஃபோன்டனோ ஊர் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவள். ஒரே நாளில், ஒரே ஆளுக்கு, ஒரே பரிசோதனையின் குறியீட்டு எண் இரண்டு வரியில் வந்தால் இன்சூரன்ஸ்காரன் மொத்தத்தையும் கிடப்பில் போட்டுவிடுவான். அதனால் இரண்டாவது வரியை அழித்துவிட்டுத்தான் அனுப்புவாள். யோசித்துச் செய்கிற வேலையா அது? கை பாட்டுக்குச் செய்யும்.

அந்தக் கைதான் கடைசியில் அவளுக்கே உலை வைத்தது.

லூரீன் வயிற்றில் இப்போது இரட்டைக் குழந்தைகள், தனித்தனிப் பனிக்குடம். இதற்கு முன் பிறந்த மகள் க்ளேர் ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்தாள். பிறகு தலை நிற்கவில்லை, பார்வை போனது, மூன்று வயதுகூட முடியாமல் போய்ச் சேர்ந்தாள். அந்த ஊர்க் குடும்பங்களில் ரத்தத்தோடு வருகிற நரம்பு நோய். லூரீனிடமும் அவள் கணவன் கர்ட்டிடமும் ஆளுக்கு ஒரு பங்கு ஒளிந்திருந்தது. இந்தத் தடவை முன்கூட்டியே தெரிந்துகொள்ள இரண்டு பனிக்குடத்திலிருந்தும் நீர் எடுத்தார்கள்.

ஆய்வுக்கூடத்துக்கு இன்சூரன்ஸ் அனுமதி வேண்டும். அதைக் கேட்கிற விண்ணப்பத்தை வேறு யாரிடமும் விட மனமில்லாமல் லூரீனே அனுப்பினாள். ஒரே குறியீடு, குழந்தைக்கு ஒன்றாக இரண்டு வரி. இரண்டாவதின் வாலில் ஐம்பத்தொன்பது என்று ஒட்டினால் 'இது வேறு' என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது அது. மனசு பதறிக்கொண்டிருக்க, கை பழக்கதோஷத்தில் அழித்துவிட்டு அனுப்பிவிட்டது.

முடிவு வர வேண்டிய வாரத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"முதல் குழந்தைக்கு அந்த நோய் இல்லம்மா. சந்தோஷமா இருங்க."

"ரெண்டாவது?"

"எங்களுக்கு ஒண்ணுக்குத்தானே அனுமதி வந்திருக்கு."

லூரீன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். இரண்டாவது வரியே இல்லை.

"அந்த ட்யூப் இருக்கில்ல? இப்பவே மாத்தி அனுப்பறேன்."

"அனுமதி வராததை ரொம்ப நாள் வெச்சிருக்க மாட்டோம்மா. போன வாரமே தூக்கிப் போட்டுட்டாங்க."

ஆனாலும் திருத்தி அனுப்பினாள். வேறென்ன செய்வாள்? என்றைக்கும் இழுத்தடிக்கிற இன்சூரன்ஸ்காரன் அன்று சாயங்காலமே அனுமதி கொடுத்தான். குப்பைக்குப் போன நீருக்கு அனுமதி கொடுத்து என்ன, கொடுக்காமல் என்ன?

மறுநாள் அவளுக்குப் பிரசவம் பார்க்கிற டாக்டர் மேடக்ஸ் ஸ்கேன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நஞ்சுக்கொடி குறுக்கே நிக்குது. மறுபடி ஊசி போடணும்னா அந்த நல்ல குழந்தையோட குடத்துக்குள்ள பூந்துதான் போகணும்."

"போடுங்க டாக்டர். கெஞ்சிக் கேக்கறேன்."

"அந்த நல்லதும் கலைஞ்சு போச்சுன்னா?"

லூரீன் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"பொறந்ததும் ரத்தத்துல பாத்துடலாம், லூரீன்."

"பாத்து?"

மேடக்ஸ் ஸ்கேன் திரையை அணைத்தார். மருந்து இருக்கிற நோயாக இருந்தால் அல்லவா சொல்வதற்கு ஏதாவது இருக்கும்?

வீட்டில் கர்ட் அடுப்பில் கம்போ சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

"எவன் பண்ண வேலை இது? அந்த லேப்காரனைச் சும்மா விடக் கூடாது."

"நான் பண்ணது, கர்ட். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஒண்ணை அழிச்சுட்டேன். நான்தான்."

கர்ட் அடுப்பை அணைத்தான். கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"அந்த ரெண்டாவது எந்தப் பக்கம் இருக்கு?"

அவன் கையை எடுத்து இடது விலாவுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு உதை, உடனே இன்னொன்று.

"நல்லா பலமா உதைக்குதே. ஒண்ணும் இருக்காது, பாரு" என்றான் கர்ட்.

"க்ளேரும் இப்படித்தான் உதைச்சா" என்றாள் லூரீன்.