இரண்டாவது கரண்டி

"இன்னும் கொஞ்சம் வைங்க" என்று ஹேலி தட்டை நீட்டியபோது கொரினுக்குக் கை ஒரு கணம் அசையவில்லை. டேலைக் கட்டிக்கொண்டு அவள் இந்த வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவனுடைய இறந்துபோன முதல் மனைவியின் பதினோரு வயது மகள் ஹேலி, இத்தனை நாளும் கொரின் சமைத்ததைக் கொறித்துவிட்டு எழுந்துபோகிறவள்.

இன்று கொரின் செய்திருந்தது அவள் பிறந்த வீட்டுச் சிக்கன் கேசரோல். வேகவைத்துப் பிய்த்த கோழியும் சோறும் காளான் சூப்பும் கலந்து, மேலே வெண்ணெயில் புரட்டிய பிஸ்கட் தூளைத் தூவி, அடுப்பறை முழுக்க மணக்கச் சுட்டு எடுப்பது. சீட்டாட வருகிறவர்களுக்கும் அதுதான், அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று எல்லோரும் பேச்சில்லாமல் சாப்பிட்டதும் அதுதான். எதைச் செய்தாலும் எடுபடாத இந்த வீட்டில் கடைசியாக அதை நம்பித்தான் டார்லீனை விருந்துக்கு அழைத்திருந்தாள். ஹேலியின் பெரியம்மா டார்லீன், தங்கை இறந்தபின் முதல்முறையாக இந்த மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"இவ ரெண்டாந்தடவை கேட்டு நான் பார்த்ததே இல்ல. என்னத்தப் போட்டு மயக்கின?" என்றாள் டார்லீன். எல்லோரும் சிரித்தார்கள். உதவிக்கு வந்திருந்த கொரினின் அம்மா அல்வேராவுக்குப் பெருமையில் முகம் சிவந்தது.

இரண்டாவது கரண்டியில் பாதி போயிருக்கும். ஹேலி கழுத்தைச் சொறிந்தாள். பிறகு இருமினாள்.

"தொண்டைல என்னமோ செய்யுது."

அவள் உதடு தடித்துக்கொண்டு வந்தது. ஹேலிக்குப் பாதாம், முந்திரி, வேர்க்கடலை எதுவும் ஆகாது. கொரின் வாங்கிய ஒவ்வொரு பொட்டலத்தின் பின்பக்கத்தையும் இரண்டு முறை படித்திருந்தாள். சூப் டப்பா, பிஸ்கட், வெண்ணெய் என்று மனம் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து அம்மாவின் முகத்தில் நின்றது.

"பாதாம் கொஞ்சூண்டு பொடிச்சுக் கலந்தேன்டி" என்றாள் அல்வேரா. "அது இல்லாம நம்ம வீட்டுது மாதிரி இருக்காதேன்னு... வேர்க்கடலைதானே ஆகாதுன்னு சொன்ன?"

டார்லீன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். டேலும் எழுந்தான், ஆனால் எழுந்த இடத்திலேயே நின்றான். மூன்று வருடத்துக்கு முன் மனைவிக்கு மூச்சு நின்றபோதும் அவன் இப்படித்தான் நின்றிருப்பான் என்று கொரினுக்குப் பட்டது. அவள் ஓடிப்போய் அலமாரியிலிருந்து அலர்ஜி ஊசியை எடுத்துவந்தாள். பழகுவதற்கென்று தந்த வெற்று ஊசியைத்தான் இதுவரை தொட்டிருக்கிறாள்.

"நீ தொடாத! அப்பா! அப்பா!"

ஹேலி உதைத்தாள். கொரின் அவளைத் தரையில் சாய்த்து, கால்மேல் தன் முழங்காலை ஊன்றி, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, ஜீன்ஸோடு சேர்த்துத் தொடையில் ஊசியைக் குத்தி, மருந்து இறங்கும்வரை மனசுக்குள் எண்ணினாள். எண்ணும்போதே தலைக்குமேல் டார்லீன் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மாற்றாந்தாய். ஊரே அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லும். சொல்லட்டும், மூச்சு மட்டும் வரட்டும். பிள்ளையின் நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் மெலிந்துகொண்டே போனது.

ஆம்புலன்ஸ் வரப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் அந்த விசில் இரண்டு முறை நின்று, திரும்ப வந்தது.

"நான்தான் போவேன். அவ எங்க ரத்தம்" என்று டார்லீன் வண்டியில் ஏறப்போனாள்.

"ஊசி போட்டது யாரு? எத்தனை மணிக்கு?" என்று கேட்ட ஆம்புலன்ஸ் ஆள், பதிலைக் கேட்டதும் கொரினைத் தூக்கி ஏற்றிக்கொண்டு கதவைச் சாத்தினான்.

மருத்துவமனையில் வீக்கம் வடிந்தது. ஆனால் சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும், பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார் டாக்டர். டேல் பதிவு செய்யும் இடத்தில் நின்றிருந்தான். கொரின் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஹேலியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறம் மாறுகிறதா, மாறவில்லையா? ஜன்னல் வெளிச்சம் குறையக் குறைய அதைச் சொல்லமுடியாமல் போனது. எழுந்து விளக்கைப் போட்டாள்.

"வேணும்னே போட்டீங்களா?"

ஹேலி கண்ணைத் திறந்திருந்தாள்.

"இல்ல. எங்கம்மா தெரியாமப் போட்டது. நான் அவங்ககிட்ட இன்னும் வெவரமாச் சொல்லியிருக்கணும்."

"பெரியம்மா வேணும்னேன்னுதான் நினைப்பாங்க."

"நினைக்கலாம்."

ஹேலி கூரையைப் பார்த்தாள். "நீ பயந்துட்டியா?"

"இன்னும் பயமாத்தான் இருக்கு."

நடைபாதையில் டார்லீனின் குதிகால் செருப்புச் சத்தம் நெருங்கிவந்தது. ஹேலியின் மணிக்கட்டில் கொரினின் ஐந்து விரல் தடங்களும் நீலமாகக் கன்றியிருந்தன. கதவுப்பிடி திரும்பியது. ஹேலி அந்தக் கையை மெதுவாகப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.